வேலூரில் சில மாதம் வேலையா? சனி, ஞாயிறுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து சில மாதங்களுக்கு மட்டும் வேலூருக்கு வேலையாக வரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வரும் இலங்கை டாக்டர்களும் நர்சுகளும், வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு வருபவர்களும், ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் சரக்கின் தரம் பார்க்க வரும் சிங்கப்பூர், மலேசியக்காரர்களும்தான் என் மனதில் இருக்கிறார்கள். மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம் இருப்பார்கள். ஐந்து நாள் வேலை, சனிக்கிழமை தூக்கம், ஞாயிறு வந்தால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில். "வேலூரில் பார்க்க என்ன இருக்கிறது, வெயில்தான் இருக்கிறது" என்று அறைத்தோழர் சொன்னதை நம்பிவிடுவதால் வரும் வினை இது.

நான் சொல்வது ஒன்றுதான். முதல் இரண்டு மாதம் சென்னைப் பக்கமே போகாதீர்கள். வாரத்துக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிடுங்கள். ஒரு நாளில் ஐந்து இடம் என்று கார் எடுத்துச் சுற்றினால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு காலைக்கு ஓர் ஊர் போதும்.

கிளம்புவதற்கு முன்

முதலில் காகித வேலை. உங்கள் பாஸ்போர்ட், விசா நகல்களை நாலைந்து எடுத்து பையிலேயே வைத்திருங்கள். வெளிநாட்டவர் ஓர் இரவு தங்கினாலும் லாட்ஜ்காரர் அதை இணையம் வழியாகப் பதிவு செய்தாக வேண்டும். ஏலகிரியில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நின்றுகொண்டு பாஸ்போர்ட் அறையில் இருக்கிறது என்றால் இடம் கொடுக்க மாட்டார்கள். வேலை விசாவோ ஆய்வு விசாவோ 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பதிந்துகொள்ளுங்கள். இதை வேலை தரும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் நீங்களே ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து சில்லறை. தள்ளுவண்டிக்காரர் வரை எல்லோரிடமும் போனில் பணம் செலுத்தும் ஜிபே அட்டை தொங்குகிறது. ஆனால் இந்திய வங்கிக் கணக்கு இல்லாத உங்களுக்கு அது பெரும்பாலும் உதவாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக எப்போதும் கையில் வைத்திருங்கள். பஸ்ஸில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் கண்டக்டர் முகம் மாறத்தான் செய்யும். பெண்கள் என்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பணமே வேண்டாம். நீங்கள் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, தயங்காமல் ஏறுங்கள்.

ஊரின் அமைப்பு மனதில் பதிய, வந்த முதல் சனிக்கிழமை காலையில் பாகாயத்தில் டவுன் பஸ் ஏறி கடைசி நிறுத்தமான காட்பாடி வரை போய்விட்டு வாருங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மொத்த வேலூரும் கண்முன்னே ஓடிவிடும். தெற்கே மருத்துவக் கல்லூரி இருக்கும் பாகாயம், நடுவில் பழைய பஸ் நிலையமும் கோட்டையும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும், அப்புறம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய கிரீன் சர்க்கிள், புதிய பஸ் நிலையம், பாலாற்றுப் பாலம், பாலம் தாண்டி விருதம்பட்டு, சித்தூர் பஸ் நிலையம், கடைசியில் ரயில் ஜங்ஷன். வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் புதிய பஸ் நிலையத்தில், உள்ளூர் பஸ்கள் பழைய பஸ் நிலையத்தில் என்று தோராயமாக நினைவில் வையுங்கள். ரயிலில் வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வேலூர் கண்டோன்மென்ட் என்று தனி நிலையம் இருக்கிறது. அது திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் பாதையில் உள்ளது. சென்னை, பெங்களூரு ரயில்களுக்குக் காட்பாடிதான்.

பேச்சில் ஒரு சின்ன விஷயம். உங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுங்கள், ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டாம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் புழங்கும் ஊர் இது. வேறு மாதிரிப் பேச்சைக் கேட்டுப் பழகிய காதுகள். ஆட்டோக்காரரை அண்ணா என்றும் பூக்காரரை அக்கா என்றும் கூப்பிடுங்கள். முஸ்லிம் கடைக்காரர் என்றால் பாய் என்பார்கள், அது இங்கே மரியாதையான விளிதான்.

முதல் ஞாயிறு: கோட்டை

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு. எந்த வேலூர்க்காரரைக் கேட்டாலும் சொல்வார். கோயிலைப் பற்றிய பகுதி 1981ஆம் ஆண்டோடு செல்லாமல் போய்விட்டது. நெடுங்காலம் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை அந்த ஆண்டில்தான் ஊர் மக்கள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குக் காலையில் போனால் பூஜை மணியும் கூட்டமும் இருக்கும்.

ஆறு மணிக்கெல்லாம் கோட்டை வாசலில் இருங்கள். உள்ளூர்க்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வரும் நேரம் அது. அகழியை ஒட்டி கொஞ்ச தூரம் நடந்தால்தான் கோட்டையின் பலம் புரியும். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசுக்கு அடங்கிய நாயக்கர்கள் கட்டியது. கட்டியவர் பெயர் சின்ன பொம்மி நாயக்கர் என்பார்கள். கருங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டை மதில், வெளியே தண்ணீர் நிற்கும் அகலமான அகழி. அகழியில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று கதை சொல்வார்கள்.

கோயிலுக்குள் நுழைந்ததும் நேரே சன்னதிக்குப் போகாமல் இடது பக்கம் உள்ள கல்யாண மண்டபத்தில் அரை மணி நேரமாவது செலவிடுங்கள். முன்வரிசைத் தூண்களில் யாளிகளும், முன்னங்கால் தூக்கிய குதிரைகளும், அவற்றின் மேல் வீரர்களும். குதிரையின் கடிவாளம் முதல் வீரனின் இடுப்புக் கச்சை வரை கல்லில் தெரியும். அப்புறம் மண்டபத்தின் நடுவே நின்று அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஒரு பெரிய தாமரை, அதைச் சுற்றி வட்டமாகத் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். பலர் தூணைப் படம் எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் இந்தக் கோயிலை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், இவ்வளவு மிஞ்சியதே பெரிய விஷயம்.

கோயிலை விட்டு வெளியே வந்து, உள்ளே இருக்கும் மைதானத்தில் கொஞ்சம் உட்காருங்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தது இந்த மதில்களுக்குள்தான். நெற்றியில் சாதி, சமய அடையாளம் கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி அணிய வேண்டும் என்று வந்த உத்தரவு இந்து, முஸ்லிம் இரு தரப்பையும் கொதிக்க வைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இதே கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துத் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். செய்தி எட்டி ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர சில மணி நேரமே ஆனது. அன்றைக்கே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 ஆண்டு முன்பு நடந்தது இது. மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் இருக்கிறது, ஒவ்வொரு ஜூலை 10ஆம் தேதியும் மாலை வைப்பார்கள். திப்பு குடும்பத்தாரின் கல்லறைகள் கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அங்கே கூட்டம் வருவதில்லை, அமைதியாகப் பார்க்கலாம்.

இலங்கையிலிருந்து வந்திருப்பவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இடம் முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டான். மனைவியரோடும் உறவினரோடும் கோட்டைக்குள் காவலில் வாழ்ந்து 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கும் அவன் குடும்பத்தாருக்கும் சமாதிகள் உண்டு. அவற்றின் மேல் 1990இல் தமிழக அரசு மண்டபம் கட்டியது. கண்டியில் தலதா மாளிகையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இங்கே வந்து நிற்கும்போது மனதில் என்ன ஓடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆட்டோவில் போய்வரலாம். கிளம்பும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள், காத்திருக்கவும் சொல்லுங்கள்.

கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் விடுமுறை. கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணிவாக்கில் திறக்கும். இந்த ஊர்ப் பக்கத்துக் கோயில்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான், அதனால் பதினொன்றரைக்குப் பிறகு எந்தக் கோயிலுக்கும் கிளம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரித் தெருக்களும் மார்க்கெட்டும்

கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் சி.எம்.சி. அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு அதைச் சுற்றி ஒரு தனி உலகமே இருக்கிறது. காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் போனால் வங்காளத்திலும் இந்தியிலும் பெயர்ப்பலகைகள், கடுகெண்ணெய் வாசம், மீன் குழம்பும் சோறும் போடும் சின்னச் சின்ன ஓட்டல்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளும் உறவினர்களும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். உங்களைப் போலவே தற்காலிகமாக இந்த ஊரில் இருப்பவர்கள், ஆனால் மனதில் பாரத்தோடு. அங்கே கேமராவை நீட்ட வேண்டாம். இந்தியோ வங்காளமோ தெரிந்தவர் என்றால் மருந்துக்கடையில் திணறுகிறவருக்கு இரண்டு வார்த்தை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், அது பெரிய உதவி.

சமையல் வசதி உள்ள அறையில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போங்கள். லாங்கு பஜாரும் மண்டித் தெருவும் அதை ஒட்டித்தான். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் என்று கேட்டு வாங்குங்கள். காம்பில் முள் இருக்கும், கையில் குத்தும், பார்த்து எடுங்கள். வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு இதைவிட நல்ல காய் எனக்குத் தெரிந்து இல்லை. போன் கவர், சார்ஜர், மலிவுத் துணி எல்லாம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சாரதி மாளிகையில்.

மேற்கே: விரிஞ்சிபுரம், பிறகு ஆம்பூர்

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு" என்ற சொலவடையைக் கேட்டிருப்பீர்கள். அந்த மதில் வேலூரிலிருந்து பெங்களூரு சாலையில் சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கிறது. மார்க்கபந்தீஸ்வரர் கோயில். வழித்துணை நாதர் என்றும் சொல்வார்கள், பயணம் போகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் சாமி. உள்ளே தென்பக்கம் மணிகாட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்ட வடிவில் எண்கள் செதுக்கியிருக்கும், பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிள்ளைகள் கூட இருந்தால் விடவே மாட்டார்கள். கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு மட்டும் பார்வையாளராகப் போக வேண்டாம். குழந்தை வரம் வேண்டி ஆயிரக்கணக்கான பெண்கள் சிம்மக்குளத்தில் நீராடும் நாள் அது.

அங்கிருந்து அப்படியே மேற்கே போனால் பள்ளிகொண்டா. பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அதற்கு மேல் ஆம்பூர், வேலூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.

ஆம்பூர் என்றால் பிரியாணி. சரியான நேரம் நண்பகல் பன்னிரண்டு மணி சுமார். முதல் தேக்சாவை (பெரிய பிரியாணிப் பாத்திரம்) திறக்கும் நேரத்தில் போனால்தான் அதன் முழு மணம். சீரகசம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தம். பாஸ்மதி பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் காரம் தெரியாது, கொஞ்சம் பொறுத்துத் தெரியும். கூடவே புளிப்பான கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் வரும். தொக்கை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டால் பாதி ருசி போய்விடும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். மாட்டிறைச்சி பிரியாணியும் இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கும். எது வேண்டும் என்பதைச் சொல்லி வாங்குங்கள்.

தோல் தொழிலுக்காக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் இந்தத் தொழிலால் வாழும் ஊர்கள். அதே தொழிலின் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போன ஊர்களும் இவைதான். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. பாலத்தின் மேல் நின்று வறண்ட மணலைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

வடக்கே: மேல்பாடியும் வள்ளிமலையும்

நான் ஒரே ஒரு ஞாயிறுதான் உங்களுக்குத் தர முடியும் என்றால் இந்தத் திசையைத்தான் தருவேன். காட்பாடி தாண்டி, பொன்னை ஆற்றோரம். வள்ளிமலை வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மேல்பாடி அதற்குப் பக்கத்திலேயே. பஸ்கள் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. இறங்கிய உடனே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பாடியில் இராஜராஜ சோழன் எழுப்பிய சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. பெயர் அறிஞ்சிகை ஈஸ்வரம். அவனுடைய பாட்டன் அரிஞ்சய சோழனின் பள்ளிப்படை, அதாவது இறந்த அரசனின் நினைவாக எடுத்த கோயில் அது. "ஆற்றூர்த் துஞ்சின" (ஆற்றூரில் இறந்த) தேவருக்காக எடுத்தது என்று கல்வெட்டே சொல்கிறது. இந்த இடத்தில் ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. அரிஞ்சயனின் அண்ணன் இராஜாதித்தன் 949இல் தக்கோலம் போரில் யானை மேலிருந்தபடியே உயிர்விட்டான். தக்கோலம் இங்கிருந்து அதிக தூரமில்லை, இன்றைய ராணிப்பேட்டை மாவட்டம். வென்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் 959இல் இதே மேல்பாடியில் பாசறை போட்டிருந்தான். சோழர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்திருந்த காலம். அந்த மண் திரும்பச் சோழர் கைக்கு வந்த பிறகு, எதிரி கூடாரம் அடித்த ஊரிலேயே பேரன் பாட்டனுக்குக் கோயில் எடுத்திருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வியந்தவர்கள் இந்தச் சின்னக் கோயிலையும் வந்து பார்க்க வேண்டும். பக்கத்திலேயே சோமநாதேஸ்வரர் கோயில். இரண்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை.

வள்ளிமலை, முருகன் வள்ளியை மணந்த கதை நடந்த மலை என்று நம்பிக்கை. பத்துமலைக்குப் போய்ப் பழகிய மலேசியக்காரர்களுக்கு மனம் ஒட்டிப்போகும் இடம். படி ஏறி மேலே குடைவரைக் கோயிலில் முருகன். திருப்புகழைப் பாடிப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் வாழ்ந்ததும் இங்கேதான். திருத்தணியில் டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் பாடி ஏறும் படித்திருவிழாவைத் தொடங்கியவர் அவர்.

முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். இதே மலையில் சமணக் குகைகள் இருக்கின்றன. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், பக்கத்தில் எழுத்துகள். கங்க மன்னன் இராசமல்லன் இங்கே சமணப் பள்ளி அமைத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. வழி தெரியாவிட்டால் கோயில் வாசல் கடையில் கேளுங்கள், காட்டுவார்கள். உருவங்களைக் கையால் தடவுவதும் சுண்ணாம்பு, சாக்பீஸ் வைத்து எழுத்தைத் தெளிவாக்கப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு முன் சாய்வான வெளிச்சத்தில் எழுத்து தானாகவே தெரியும்.

இன்னும் வடக்கே போனால் ஆந்திர எல்லை வந்துவிடும். சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர், மாவட்டத்தின் தலைநகரமாகவே இருந்தது. காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்க வேலூர்க்காரர்கள் போய்வருவது சர்வ சாதாரணம்.

கிழக்கே

திருவலம், ராணிப்பேட்டை, ஆற்காடு மூன்றையும் ஒரே காலையில் முடித்துவிடலாம். திருவலம் வில்வநாதேஸ்வரர் சம்பந்தர் பாடிய தலம். இங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், ஏன் என்று குருக்களிடம் கேட்டால் கஞ்சனகிரி மலைக் கதையைச் சொல்வார். ஆற்காட்டில் நவாபுகளின் கோட்டை அநேகமாகப் போய்விட்டது. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும் நிற்கிறது. 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்ததில்தான் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் கை ஓங்கத் தொடங்கியது. வாசலைப் பார்த்து முடித்ததும் மக்கன் பேடா வாங்குங்கள். உள்ளே முந்திரி, பாதாம் வைத்து, பொரித்து, பாகில் ஊறவைத்த உருண்டை. சூடாக ஒன்று சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

சோளிங்கருக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். யோக நரசிம்மர் மலை, 1,305 படி. 108 திவ்ய தேசங்களில் திருக்கடிகை இதுதான். 2024இல் ரோப் கார் வந்துவிட்டதால் முட்டிவலிக்காரர்களும் போகலாம். கார்த்திகை மாதத்தில் கூட்டம் தாங்காது.

தெற்கே, மலைப்பக்கம்

ஸ்ரீபுரம் தங்கக்கோயிலை யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவீர்கள். 2007இல் திறந்தது, சுமார் 1,500 கிலோ தங்கத் தகடு என்பார்கள். போன், கேமரா உள்ளே கொண்டுபோக முடியாது, அரைக்கால் சட்டைக்கும் அனுமதி இல்லை. விளக்கு போட்ட பிறகு பார்த்தால்தான் அழகு. அதனால் வார நாளில் வேலை முடித்து மாலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கூட்டத்தில் வீணாக்க வேண்டாம்.

அமிர்தி சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையடிவாரத்தில் காடு, ஆறு, சின்ன மிருகக்காட்சிச் சாலை. மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போனால் அருவியில் தண்ணீர் இருக்கும். கோடையில் போனால் பாறைதான்.

காவலூர் வானாய்வகத்துக்கு மட்டும் முன்னேற்பாடு செய்துகொள்ளுங்கள். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் தாண்டி இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு பெயரிலுள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. அதற்கு முன்பே, 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியில் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் கவனித்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. பொதுமக்களை சனிக்கிழமைகளில் விடுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் இரவில் சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுவார்கள். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தைச் சரிபாருங்கள். ராத்திரி மலையிலிருந்து இறங்க பஸ்ஸை நம்ப முடியாது, நாலு பேர் சேர்ந்து கார் பேசிக்கொள்வதே வழி. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் மலைச் சாமையும் தேனும் கிடைத்தால் வாங்குங்கள்.

ஏலகிரிக்கு காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பொன்னேரி வழியாக பஸ். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். சனி, ஞாயிறு பெங்களூர் கூட்டம் வந்துவிடுவதால் அறை வாடகை ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட முடிந்தால் அன்றைக்குப் போங்கள். புங்கனூர் ஏரியில் படகு விடுவதைவிட சுவாமிமலை உச்சிக்கு நடந்து ஏறுவதுதான் எனக்குப் பிடித்தது.

வெயிலும் விழாவும்

மார்ச் முதல் ஜூன் வரை வேலூர் வெயிலை லேசாக எண்ண வேண்டாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சுற்றியுள்ள பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். அந்த மாதங்களில் ஆறு மணிக்குக் கிளம்பி பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர். வழியில் கேழ்வரகுக் கூழ் வண்டியைப் பார்த்தால் நின்று ஒரு சொம்பு குடியுங்கள், மோர்மிளகாயும் வெங்காயமும் கொடுப்பார்கள். கூழ் குடித்த பிறகு ஒரு மணி நேரம் தெம்பாக நடக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. டிசம்பர், ஜனவரிக் காலைகள்தான் மலை ஏறத் தோதான நேரம்.

நீங்கள் இருக்கும் மாதத்தில் என்ன விழா என்று முன்பே கேட்டு வையுங்கள். பொங்கலையொட்டி கிராமங்களில் மாடு விடும் விழா தொடங்கும். மகா சிவராத்திரி முடிந்து பாலாற்றில் மயானக் கொள்ளை, பெரிய பெரிய அலங்காரத் தேர்களோடு. சித்திரைப் பௌர்ணமிக்கு வேலூரில் புஷ்பப் பல்லக்கு, ராத்திரி முழுக்க. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்று அந்த ஊருக்குள் வண்டி நுழையாது, எட்டவே இறங்கி நடக்க வேண்டும். மாடு விடும் விழாவுக்குப் போகிறவர்கள் தடுப்புக்கு வெளியே, முடிந்தால் மொட்டை மாடியில் நில்லுங்கள். மாடு ஓடி முடியும் இடத்தில் நிற்கவே கூடாது. உள்ளூர்க்காரர் யாராவது கூட இருந்தால் அவர் சொல்லும் இடத்தை விட்டு நகராதீர்கள்.